கரி விடாத பவுடர் எது? தோட்டா நிரப்புவோர் கேள்வி-பதில்

கேள்வி (ஹூஸ்டன், டெக்சாஸ்): வணக்கம் ஐயா. வார இறுதிகளில் .38 ஸ்பெஷல் ரிவால்வரில் காகித இலக்கைச் சுடுவது என் பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாவின் காலி கேஸில் (பித்தளை உறை) புது பிரைமர் (தீப்பற்ற வைக்கும் சிறு மூடி), பவுடர், புல்லட் வைத்து வீட்டிலேயே ரீலோடு செய்துகொள்கிறேன். 148 கிரெய்ன் (கிரெய்ன் ஒரு சிறு எடை அளவு) ஈய வாட்கட்டர் புல்லட் (முனை தட்டையானது), புல்ஸ்ஐ பவுடர், கையேட்டில் உள்ள மிகக் குறைந்த அளவு. குறி நன்றாகவே விழுகிறது. ஆனால் ஐம்பது ரவுண்டு முடிவதற்குள் கையெல்லாம் கரி. கேஸின் வெளிப்பக்கம்கூடக் கறுத்துப்போகிறது. புகை வேறு. சில சமயம் எரியாத துகள்கள் எக்ஸ்ட்ராக்டருக்கு (காலி கேஸ்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு) அடியில் சிக்கி, தோட்டாக்கள் இருக்கும் சுழல் சிலிண்டர் மூட மாட்டேன் என்கிறது. சுத்தமாக எரியும் பவுடராக எதை வாங்கலாம்?

பதில்: வாங்கலாம், சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் சொல்லும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றல்ல. எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் புது டப்பா வாங்கினால், அதே கரியை வேறு பெயரில் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் கேஸின் வெளிப்புறக் கரி. தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கேஸ் விரிந்து, அது உட்கார்ந்திருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் அது முழுதாக விரியாது, இடைவெளி வழியே வாயு பின்னால் கசிந்து கேஸைக் கறுப்பாக்கும். எந்த உயர்ந்த பவுடரைப் போட்டாலும், அழுத்தம் குறைவாக இருந்தால் இது நடக்கும். புகையில்லாப் பவுடர் (இன்றைய துப்பாக்கிப் பவுடர்களின் பொதுப் பெயர்) அழுத்தத்தில்தான் ஒழுங்காக எரியும். பம்ப் ஸ்டவ்வில் காற்று குறைந்தால் தீ மஞ்சளாகி பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும் அல்லவா, அதே கதைதான். .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ.க்கு அது 35,000. ஒரே பவுடர் உங்கள் நண்பரின் 9 மி.மீ. பிஸ்டலில் பளிச்சென்று எரிந்து, உங்கள் ரிவால்வரில் கரி விடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். போதாக்குறைக்கு .38 ஸ்பெஷல் கேஸ் கரிமருந்துக் காலத்துக் கொள்ளளவு கொண்டது. அதற்குள் ஒரு சிட்டிகை நவீனப் பவுடரைப் போட்டால் மீதி எல்லாம் வெற்றிடம்.

அடுத்தது புகை. ஈய புல்லட்டின் பள்ளங்களில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதே, நீங்கள் பார்க்கும் புகையில் பெரும்பகுதி அது எரிவதுதான். இதற்குப் பவுடரை மாற்றிப் பயனில்லை, புல்லட்டை மாற்ற வேண்டும். பாலிமர் பூச்சு போட்ட ஈய புல்லட்டுகள் இப்போது அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்று பார்த்தாலே தெரியும். விலை கொஞ்சம்தான் கூட. கையில் ஒட்டும் பிசுக்கும் குறையும். செலவழிக்கும் முதல் பணத்தை நான் இங்கேதான் செலவழிக்கச் சொல்வேன்.

எரியாத துகள்களுக்கு அழுத்தமும் காரணம், தீப்பற்றும் விதமும் காரணம். கேஸின் வாயைப் புல்லட்டின் மேல் இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் தளர்வாக இருந்தால், பவுடர் சரியாகப் பற்றுவதற்குள் புல்லட் நகர்ந்துவிடும். கிரிம்பைக் கொஞ்சம் உறுதியாக்கிப் பாருங்கள். காலி கேஸ்களை வெளியே தள்ளும்போது குழல் வாயை நேராக வானத்தைப் பார்த்துப் பிடித்து, எஜெக்டர் கம்பியை ஒரே தட்டாகத் தட்டுங்கள். துகள்கள் கேஸோடு சேர்ந்து கீழே போய்விடும், எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் தங்காது.

அப்புறம், நீங்கள் கையேட்டின் அடிமட்ட அளவில் இருக்கிறீர்கள். அதே புல்லட்டுக்கு அச்சிட்டிருக்கும் வரம்புக்குள், பத்தில் ஒரு கிரெய்னாக மெல்ல மேலே போய்ப் பார்க்கலாம். வரம்பைத் தாண்ட வேண்டாம். குறிப்பாக, அடியில் குழி உள்ள ஹாலோ-பேஸ் வாட்கட்டராக இருந்தால் வேகம் கூடும்போது அதன் மெல்லிய பாவாடைப் பகுதி பிய்ந்து குழலிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. இந்தக் கேள்வி-பதிலில் நான் எந்தப் பவுடருக்கும் நிரப்பும் அளவு சொல்லப்போவதில்லை. அதைப் பவுடர் கம்பெனியின் இன்றைய பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் எடுக்கக் கூடாது.

சரி, பவுடருக்கு வருவோம். புல்ஸ்ஐ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பழைய சரக்கு. கரி விடும் என்ற பேர் அதற்கு நிஜமாகவே உண்டு. இலக்குப் போட்டிக்காரர்கள் அதை இன்னும் கைவிடாததற்குக் காரணம், மிகச் சிறிய அளவிலும் அது ஒரே சீராக எரிவதுதான். உங்களுக்கு என் முதல் பரிந்துரை ஹாட்ஜ்டன் எச்பி-38. வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் இதே பவுடர்தான், லேபிள் மட்டுமே வேறு. ஆகவே கடையில் எது மலிவோ அதை எடுங்கள். உருண்டைத் துகள் என்பதால் அளவுக் கருவியில் தண்ணீர் மாதிரி ஓடும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் அளவு மாறாமல் விழும். புல்ஸ்ஐயை விடச் சுத்தமாக எரிவதாகவே என் அனுபவம்.

பணம் பிரச்சினை இல்லை, சுத்தம்தான் முக்கியம் என்றால் பின்லாந்தில் தயாராகும் விட்டாவுவோரி என்320. இதில் நைட்ரோகிளிசரின் சேர்ப்பதில்லை, நைட்ரோசெல்லுலோஸ் மட்டும்தான். சூடும் குறைவு, கரியும் குறைவு. ஆனால் விலை மற்றவற்றைவிடக் கணிசமாக அதிகம். டிரெயில் பாஸ் என்ற பவுடரை யாராவது சொன்னால், அது சில ஆண்டுகளாகக் கடைகளில் கண்ணில் படுவதில்லை. பழைய டப்பாவைப் பல மடங்கு விலைக்கு விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

எந்தப் பவுடர் வாங்கினாலும் கை கழுவும் பழக்கத்தை விடாதீர்கள். சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுத்தமாக எரியும் பவுடர் என்பதால் அந்த ஈயம் கையை விட்டு ஓடிவிடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், சுட்ட கேஸ்களை உலர் டம்ளர் என்ற சுத்தம் செய்யும் கருவியில் போட்டு உருட்டும் வேலையை வீட்டுக்குள் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): என்னிடம் .45 ஏசிபி, 9 மி.மீ. பிஸ்டல்கள் இரண்டும் உண்டு. "டைட்குரூப் பவுடர் ஒன்று போதும், எல்லாவற்றுக்கும் ஆகும், குறைவாகத்தான் செலவாகும்" என்கிறார் கிளப்பில் ஒருவர். மெல்லிய (விசை குறைந்த) இலக்குத் தோட்டாவுக்கு அதையே வாங்கலாமா? நான் இதற்குப் புதிது.

பதில்: அவர் சொல்வதில் பொய் இல்லை. டைட்குரூப் கொஞ்சம் போட்டாலே போதும். பெரிய கேஸில் பவுடர் முன்பக்கம் கிடந்தாலும் பின்பக்கம் கிடந்தாலும் வேகம் அதிகம் மாறாமல் இருக்கும்படி உருவாக்கியது. மெல்லிய தோட்டாவுக்கு இது உண்மையான நன்மை.

ஆனாலும், புதிது என்கிறீர்களே, அதனால் நான் தயங்குகிறேன். இது அடர்த்தியான பவுடர். ஒரு முறை நிரப்பினால் கேஸின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கைதவறி இரண்டாம் முறை விழுந்தாலும் கேஸ் வழியாது, மேலே புல்லட்டும் உட்கார்ந்துவிடும். பார்த்தால் தெரியாது. அந்தத் தோட்டா துப்பாக்கியைக் கிழிக்கும், விரலையும் கொண்டுபோகும். பவுடர் வாங்கும்போது சுத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி.

.45 ஏசிபியில் ஈய செமி-வாட்கட்டர் புல்லட் சுடுவதற்கு ஹாட்ஜ்டன் கிளேஸ் எனக்குப் பிடித்த பவுடர். முதலில் ஷாட்கன் போட்டிக்காக வந்தது. பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும், அதனால் அளவு கூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியும். மென்மையாகச் சுடும், கரியும் குறைவு. தட்டைத் துகள் என்பதால் அளவுக் கருவியில் உருண்டைத் துகள் அளவுக்குச் சீராக ஓடாது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 9 மி.மீ.க்கு கிளேஸை நான் சொல்ல மாட்டேன். மிக வேகமாக எரிவது. அந்தச் சின்னக் கேஸில் சிறு பிசகுக்கும் அழுத்தம் சட்டென்று ஏறும். இரண்டுக்கும் ஒரே டப்பாதான் வேண்டும் என்றால், மேலே சொன்ன எச்பி-38 பக்கமே வாருங்கள்.

இன்னொன்று. ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டா மிக மெல்லியதாக இருந்தால் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னால் வராது, காலி கேஸ் சிக்கும். பலர் இதற்கும் பவுடரையே திட்டுகிறார்கள். பல சமயம் சில டாலரில் கிடைக்கும் விசை குறைந்த ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்) போட்டாலே தீர்ந்துவிடும்.

மெல்லிய தோட்டா வேண்டும் என்பதற்காக மேக்னம் பவுடரை (வலுவான தோட்டாக்களுக்கான, மெதுவாக எரியும் வகை) குறைத்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. எச்110, வின்செஸ்டர் 296 போன்றவற்றைக் குறைத்தால் சரியாகப் பற்றாமல் புல்லட் குழலிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும்.

கேள்வி (சிகாகோ பக்கம்): ஒரு பவுண்டு டப்பாவா, எட்டு பவுண்டு ஜாடியா? கடையிலா, இணையத்திலா? ஆபத்துப் பொருள் கட்டணம் என்று தனியாகக் கேட்கிறார்கள்.

பதில்: ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். சும்மா கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு மூன்றரை கிரெய்ன் என்று வைத்தால் 2,000 தோட்டா. டப்பா 40 டாலர் என்றால் தோட்டாவுக்கு 2 சென்ட். பிரைமரும் புல்லட்டும் தனித்தனியே அதைப்போலச் சில மடங்கு ஆகும். எனவே பவுடரில் நாலு டாலர் மிச்சம் பிடிக்க ஊரெல்லாம் அலைய வேண்டாம்.

முதலில் உள்ளூர்க் கடையில் ஒரு பவுண்டு வாங்குங்கள். ஆபத்துப் பொருள் கட்டணம் கிடையாது. ஒரு டப்பாவை இணையத்தில் வாங்கினால் அந்தக் கட்டணமே பவுடர் விலையில் பாதி வரை வந்துவிடும். உங்கள் துப்பாக்கிக்கு அது ஒத்துவந்த பிறகு எட்டு பவுண்டு ஜாடிக்குப் போகலாம். ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்பதால் பல மாதங்களுக்கு அளவை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. லாட் மாறினால் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். கட்டணம் பெட்டிக்கு ஒன்று என்பதால், இணையத்தில் வாங்கும்போது கிளப் நண்பர்கள் ஒரே கடையைத் தேர்ந்து சேர்ந்து ஆர்டர் போடுவது லாபம்.

எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின், பல இடங்களில் பின்பற்றும் என்எஃப்பிஏ 495 நெறிமுறைப்படி, வீட்டில் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஒரு பெரியவர் பாதி காலியான டப்பாக்களைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டப்பாவின் லேபிளுக்குள் அதே பவுடர்தான் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிரப்பும் கருவியில் மிஞ்சியதைத் தவறான டப்பாவில் திருப்பிக் கொட்டுவது நல்லவர்களுக்கும் நடக்கும். சீல் உடையாத டப்பா என்றால் யோசிக்கலாம். வாங்கிய பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர் மாதிரி கரைப்பான் வாடை வரும். புளித்த அமில நெடியோ, துருப்பிடித்த நிறத்தில் தூசியோ இருந்தால் கெட்டுப்போனது.

கேள்வி (டாலஸ்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி என்னுடையது அல்ல, நண்பருடையது. அவருக்காகப் பவுடரும் பிரைமரும் மட்டும் நான் ஆர்டர் செய்து கொடுத்தால் பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு. செய்யாதீர்கள். கிரீன் கார்டு இல்லாமல் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அடங்கும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. விசாவின் கதி தனி. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அது வைத்திருப்பதுதான்.

விதிவிலக்குகள் சில உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்றமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதுவரை நண்பருக்கு வேண்டியதை அவரே தம் பெயரில், தம் கார்டில், தம் முகவரிக்கு வரவழைக்கட்டும். உங்கள் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.