அம்மாவுக்கு வேண்டும், மகனுக்கு அவசரமில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எட்டு மாதம் முன்பு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பு வராமல் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். 2021இல் கோவிட் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டதோடு சரி. இப்போது அண்ணன், அம்மாவுக்கும் 19 வயதாகும் என் மகனுக்கும் மறுபடி போட்டே ஆக வேண்டும் என்கிறார். தங்கையோ, தெரிந்தவர் ஒருவருக்கு ஊசி போட்ட இரண்டே வாரத்தில் மாரடைப்பு வந்தது, யாருக்கும் வேண்டாம் என்கிறாள். இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: அம்மா விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. மகன் விஷயத்தில் தங்கையின் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே விடை என்று இருவரும் பிடிவாதமாக நிற்பதால்தான் சண்டை வந்திருக்கிறது. 71 வயது நீரிழிவுக்காரரையும் நோய்நொடி இல்லாத 19 வயதுப் பையனையும் கோவிட் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஊசியின் பக்கவிளைவுகளும் அப்படித்தான், ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படித்தான் பிரித்தது. முதியவர்கள், சர்க்கரை, இதய நோய் போன்றவை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், முன்களச் சுகாதாரப் பணியாளர்கள் முதல் வரிசை. முதியவர்களுக்குக் கடைசி டோஸுக்கு 6 அல்லது 12 மாதம் கழித்து மறுபடி ஒரு டோஸ் போடச் சொன்னது. முதல் தவணைகளும் ஒரு பூஸ்டரும் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அதற்கு மேல் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை.

தங்கை சொல்லும் மாரடைப்புக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பேருக்கு மாரடைப்பு வரக்கூடிய முதியவர்கள் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்குக்கூட ஊசி போடாவிட்டாலும், எந்த இரண்டு வாரத்தை எடுத்தாலும் ஏறத்தாழ 77 பேருக்கு மாரடைப்பு வந்திருக்கும். அவர்கள் எல்லோருக்கும் முந்தின நாள் ஊசி போட்டிருந்தால், 77 வீட்டிலும் ஊசியைத்தான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அடுத்தடுத்து நடந்ததை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது மனித இயல்பு. அதனால்தான் போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. அப்படி ஒப்பிட்டுப் பார்த்ததில், மாரடைப்புக்கான ஆபத்தைக் கூட்டுவது கோவிட் தொற்றுதான், குறிப்பாகத் தொற்று வந்த முதல் சில வாரங்களில்.

ஊசியால் எதுவுமே வராது என்று அண்ணன் சொன்னால் அதுவும் தப்பு. ஆஸ்ட்ராஜெனகா வகையில் (கோவிஷீல்டு அதே ஊசிதான்) தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் கோளாறு மிக அரிதாக வந்தது உண்மை. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2021 ஏப்ரலிலேயே அதைப் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. ஆனால் அது வருவதென்றால் ஊசி போட்ட சில நாள் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். 2021இல் போட்டவருக்கு இன்று அதனால் ரத்தக் கட்டி வரும் என்று பயப்பட வேண்டாம்.

ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ என்ற வகை ஊசிகளில் இதயத்தசை அழற்சி அரிதாக வருகிறது. அதிகம் வருவது பதின்வயது, இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு. பெரும்பாலும் இரண்டாவது டோஸுக்குப் பின், ஒரு வாரத்துக்குள். பெரும்பாலானவர்கள் ஓய்விலோ சிகிச்சையிலோ குணமாகிவிடுகிறார்கள். உங்கள் மகன் அந்த வயதுதான். அவன் முதல் தவணைகளை முடித்திருந்து வேறு நோய் இல்லையென்றால் அவசரப்படுத்தாதீர்கள். போட்டுக்கொண்டால் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு வந்தால் அன்றே ஈசிஜியும், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். பாட்டிக்குத் தொற்றாமல் இருக்கத்தான் அவனுக்கு ஊசி என்றால், அந்தப் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சளி, காய்ச்சல் இருக்கும்போது அவன் தனி அறையில் இருப்பதும், என்95 மாஸ்க் போடுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் அதைவிட உதவும்.

அம்மாவுக்கு ஒரு டோஸ் போதும். இடைவெளி விழுந்துவிட்டதே என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊசி அன்று பல வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து கன்றிவிடுமோ என்று பயந்து முந்தின நாளே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலை நிறுத்துவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டென்ட் வைத்து எட்டு மாதத்தில் இந்த மாத்திரைகள் விட்டுப்போனால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். கையில் வரும் சின்னக் கன்றிப்பு நாலு நாளில் மறைந்துவிடும். மெல்லிய ஊசியால் (23 அல்லது 25 கேஜ்) போடச் சொல்லுங்கள். போட்டதும் பஞ்சை வைத்து இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு 30 நிமிடம் இருக்கட்டும்.

கைவலி, காய்ச்சல், உடம்புவலி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ஏற்கனவே சாப்பிடும் இரண்டு மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். அந்த இரண்டு நாளும் சர்க்கரை கொஞ்சம் ஏறக்கூடும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வந்தால் ஊசி வலி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார் என்பதே இல்லை. அண்ணனும் தங்கையும் இல்லாத நேரத்தில் அவரிடம் தனியாகக் கேளுங்கள்: எதை நினைத்துப் பயம்? காய்ச்சலா, மாரடைப்பா, பிள்ளைகள் சண்டை போடுவார்களே என்பதா? பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு அவருடைய இதய மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் தங்கையையே கூட அனுப்புங்கள். சந்தேகத்தை நேரில் கேட்டுத் தெளிந்தவர் வீட்டில் வந்து சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். சத்து ஊசி என்று பொய் சொல்லிப் போடும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. அது தெரியவரும் நாளில் மற்ற மாத்திரைகள் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு அவ்வளவு எளிதில்லை. கோவிட் வந்த ஐந்து நாளுக்குள் தொடங்கும் பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரையில் உள்ள ரிட்டோனவிர், க்ளோபிடோக்ரெல் வேலை செய்வதைக் குறைத்துவிடும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலவற்றோடும் ஒத்துப்போகாது. அப்போது மாற்றாக ரெம்டெசிவிர் என்ற கோவிட் மருந்தை மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிவரலாம். ஆகவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதிப் படமெடுத்து மூன்று பிள்ளைகளின் போனிலும் வைத்திருங்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே பரிசோதனை செய்து, அந்தப் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்.