சைக்கிள் ஓட்டும்போது எரியும் கலோரியை எப்படிக் கணக்கிடுவது?

கலோரி என்பது உடல் செலவிடும் ஆற்றலின் அளவு. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் சுமார் 8 மடங்கு. ஆக, 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மணி நேரத்தில் 60 × 8 × 0.5 = 240 கலோரி.

இது தோராயம்தான். சமதரையில் வேகம் கூடக்கூட மல்லுக்கட்டு காற்றோடுதான்: வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எதிர்க்காற்றில் மோட்டார் சைக்கிள் கூடுதலாகப் பெட்ரோல் குடிப்பதைப் போல, ஆடிக்காற்றை எதிர்த்து மிதித்த நாளின் கணக்கு வேறு. (எடையையும் வேகத்தையும் மட்டும் பார்க்கும் செயலிக்கு அது தெரியாது, பாவம்.)

செயலி காட்டும் 240 கலோரியும் மிதித்ததால் எரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் 30, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும்.