கேளுங்கள்: படிப்பும் பாதுகாப்பும்

கேள்வி: ராணுவமும் கடற்படையும் இருக்கும்போது, நாட்டின் பாதுகாப்பில் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். பாக் நீரிணையில் இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு 1974-லும், மன்னார் வளைகுடாவில் 1976-லும் வரையப்பட்டது. கடலில் கோடு தெரியாது. ஜிபிஎஸ் எண்தான் கோடு. அங்கேதான் வினை. 9 பாகை (டிகிரி) 15 கலை (மினிட்; 60 கலை ஒரு பாகை) என்பது தசமத்தில் 9.25. அதை 9.15 என்று அடித்தால் 6 கலை பிசகும். அட்சரேகையில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. ஆக, குறித்த இடம் 11 கி.மீ. தள்ளிப்போய்விடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே சுமார் 30 கி.மீ. என்றால், தெரியாமலே எல்லை தாண்டவைக்கும் இந்தப் பிழையின் கனம் புரியும். கருவியின் அமைப்பில் பாகை-கலையா, தசமமா என்று பார்த்துவிட்டு எண்ணை அடிக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அட்சரேகையை மனப்பாடம் செய்யவைத்துத் தேர்வோடு விட்டுவிடுகிறோம்!

கரையில் சந்தேகப் படகைக் கண்டால் 1093, நடுக்கடலில் ஆபத்தென்றால் 1554. இவற்றையும் வகுப்பிலேயே சொல்லலாம்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. கடலோரக் காவல்படையில் சேர என்ன குரூப் எடுக்கணும்? (வாசகி, மண்டபம்)

பதில்: கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப். பொதுப்பணி நாவிக் (மாலுமி) பதவிக்குப் பிளஸ் டூவில் இவ்விரண்டும் கட்டாயம்; வயது 18 முதல் 22. வணிகவியல் எடுத்துவிட்டுப் பிறகு வருந்துபவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதியில் டொமஸ்டிக் பிராஞ்ச் (சமையல், பரிமாறல் போன்ற வேலைகளுக்கான கிளை) நாவிக் பணி உண்டு.