மடிப்பாக்கத்துப் பழைய வீட்டில் 30 லட்சம் போடலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) தனி வீடு இருக்கிறது. 1993-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும், 1,100 சதுர அடி. எனக்கு வயது 57. தனியார் நிறுவனத்தில் வேலை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 42 லட்சம் வரும். வைப்புநிதியில் 20 லட்சம் இருக்கிறது. இ.பி.எஸ். ஓய்வூதியம் மாதம் 5,000 ரூபாய் அளவில் வரலாம். வீட்டுச் செலவு மாதம் 45,000.

வீட்டில் மழைநீர் கசிகிறது. இரண்டு அறைகளில் கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. 2015-லும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 8 லட்சத்தில் மாடுலர் கிச்சன், புதிய தரை, ஃபால்ஸ் சீலிங். 22 லட்சத்தில் மாடியில் 900 சதுர அடி வீடு என்று ஒப்பந்ததாரர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். மாடிக்கு 18,000 ரூபாய் வாடகை கிடைக்கும். மெட்ரோ வருவதால் வீட்டின் மதிப்பும் கூடும் என்கிறார்கள். மனை சதுர அடி 8,500 வரை போகிறது என்று தரகர் சொல்கிறார். ஆனால் அடுத்த தெருவில், புதுப்பித்து நான்கு வருடமே ஆன வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டார். அது மனதை உறுத்துகிறது. ஒரு பில்டர், ஸ்டில்ட் (கீழே தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளம்) வைத்து அதன்மேல் மூன்று தளம் கட்டி, ஆறு வீடுகளில் மூன்றை (தலா 750 சதுர அடி) எங்களுக்குத் தருவதாகக் கேட்கிறார். என் மனைவிக்குத் தனி வீட்டை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனதை உறுத்திய அந்த அடுத்த தெரு வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். வாங்கியவர் விலை கொடுத்தது மனைக்கு. கட்டடத்தை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை; இடிக்கும் கூலியைக் கழித்துக்கொண்டுகூட பேரம் பேசியிருக்கலாம். மடிப்பாக்கம், நங்கநல்லூர், குரோம்பேட்டை போன்ற பகுதிகளில் முப்பது வருடத்துத் தனி வீடுகளுக்கு இன்று நடக்கும் வியாபாரம் இதுதான். தமிழ்நாட்டில் சாதாரண குடியிருப்பு மனையில் மனை அளவைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். 2,400 சதுர அடி மனையில் 1,100 சதுர அடி வீடு நிற்பதைப் பார்ப்பவருக்கு, இன்னும் எவ்வளவு கட்டலாம் என்பதுதான் கண்ணில் படும். உங்கள் தரையில் எந்த டைல்ஸ் என்று அவர் குனிந்து பார்க்கமாட்டார்.

மெட்ரோவும் அப்படித்தான். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் தடம் புழுதிவாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகத்தான் போகிறது. அதனால் ஏறும் விலை மண்ணுக்கு ஏறும். நீங்கள் 30 லட்சம் செலவழித்தாலும் ஏறும், செலவழிக்காவிட்டாலும் ஏறும். அடுக்குமாடி வீடு என்றால் கதை வேறு. அங்கே மனையைத் தனியாக யாரும் வாங்க முடியாது என்பதால் சமையலறையையும் குளியலறையையும் புதுப்பித்த வீடு சீக்கிரம் விலைபோகும். உங்களுடையது தனி வீடு. ஆகவே, விற்பனை விலையில் திரும்பி வரும் என்ற எண்ணத்தில் இந்த வீட்டில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். வீட்டைக் காப்பாற்றவோ, நீங்கள் இருவரும் நலமாக வாழவோ, வாடகை ஈட்டவோ உதவும் செலவா என்று மட்டும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் 8 லட்சத்து உள் அலங்காரம் முதலில் அடிபடுகிறது. எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டில் பிளைவுட் அலமாரிகள் வைக்கக் கூடாது. ஒரு இரவு ஊறினால் பலகை உப்பிவிடும், பிறகு கதவு மூடாது. சமையலறையை மாற்றியே ஆகவேண்டும் என்றால் கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பாக் கல், கதவுக்கு அலுமினியம் போதும். தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம். ஃபால்ஸ் சீலிங் இந்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். பூச்சு உதிரும் கூரையை அது மறைத்துவிடும். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

அடுத்து, மாடி. 22 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 2.16 லட்சம் என்றால் கிட்டத்தட்ட 10 சதவீதம். மனை ஏற்கெனவே உங்களுடையது என்பதால் இப்படி வருகிறது; வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்களுக்குச் சென்னையில் இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழித்துத்தான் வரி என்பதும் அனுகூலமே. காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் அந்த மாடியைத் தாங்கப்போவது கம்பி தெரியும் கூரையும் 1993-ல் போட்ட அஸ்திவாரமும்.

கூரையில் கம்பி துருப்பிடித்தால் அது பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். முறையான வேலை என்பது தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, இளைத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, அதற்கென்று உள்ள கலவையால் மூடுவது. கூடவே மொட்டை மாடியில் கசிவை நிறுத்தவேண்டும். தட்டோடுகளின் இணைப்புகள் விட்டிருக்கும். மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில்தான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகிறது. மேலே கசிவை நிறுத்தாமல் கீழே கம்பியைச் சரிசெய்வது வீண் செலவு.

எனவே எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்து வீட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு கொடுத்த ஒப்பந்ததாரர் அனுப்பும் ஆளாக அவர் இருக்கக் கூடாது. கான்கிரீட்டின் உறுதி, கம்பியின் துரு, அஸ்திவாரத்தின் ஆழம் மூன்றையும் பார்த்து எழுத்தில் அறிக்கை தரவேண்டும். அஸ்திவாரத்தை ஓர் இடத்திலாவது தோண்டிப் பார்க்காமல் ‘மாடி எடுக்கலாம்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் பல தெருக்களில் வீடுகள் தாழ்ந்துவிட்டன. ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தும் வேலை சென்னையில் நடக்கிறது. நல்ல நிலையில் உள்ள கட்டடத்துக்கு அதை யோசிக்கலாம். துருப்பிடித்த கூரையோடு நிற்கும் வீட்டுக்கு அத்தனை லட்சம் செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே மண் போட்டுத் தரையை உயர்த்தினால் கூரை தலைக்கு நெருங்கிவிடும். ஜன்னலும் கதவும் மாற்றவேண்டி வரும்.

இப்போது பணத்துக்கு வருவோம். 30 லட்சத்தையும் வீட்டில் போட்டால் கையில் மிஞ்சுவது 32 லட்சம். அதில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் மாதத்துக்கு 20,500 ரூபாய். ஓய்வூதியம் 5,000, மாடி வாடகை 18,000. மொத்தம் 43,500. உங்கள் செலவு 45,000. அவசரத்துக்கு மிச்சமிருப்பது 2 லட்சம். ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால் அதுவும் போய்விடும். மாடி வீடு இரண்டு மாதம் காலியாக இருந்தால் கைமாற்று வாங்கவேண்டி வரும். 58 வயதில் இந்த நிலைக்கு உங்களைத் தள்ளும் யோசனையை, வாடகை சதவீதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

மாடி கட்டாமல், 6 லட்சத்துக்குள் கூரை, கசிவு, பழைய ஒயரிங், குளியலறையில் வழுக்காத தரை என்று அவசியமானதை மட்டும் செய்தால் 56 லட்சம் மிஞ்சும். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காக 15 லட்சம். 7.4 சதவீதத்தில் அது மாதம் 9,250 தரும். ஓய்வூதியத்தோடு 34,750 ஆகிறது. மாதம் பத்தாயிரம் குறையும். மீதி 11 லட்சத்திலிருந்து எடுத்து எட்டொன்பது வருடம் ஓட்டலாம். ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போகும், வட்டி ஏறாது.

பில்டர் சொல்லும் கூட்டுத் திட்டத்தில் உங்கள் கைப்பணம் 62 லட்சமும் அப்படியே இருக்கும். மேற்சொன்ன 34,750-உடன், ஒரு வீட்டில் நீங்கள் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் தலா 15,000-க்கு விட்டால் 64,750. அவசரத்துக்கும் எதிர்காலத்துக்கும் 17 லட்சம் தனியாக நிற்கும். வாடகை வருடந்தோறும் கொஞ்சமாவது ஏறும். வீடுகள் ஸ்டில்ட்டுக்கு மேலே இருப்பதால் தண்ணீர்ப் பயமும் போகிறது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, மண்ணில் பாதி: 1,200 சதுர அடி. தரகர் சொல்லும் விலையில் ஒரு கோடியே இரண்டு லட்சம். சிறிய தொகை இல்லை. ஆனாலும் உங்கள் வயது, வருமானம், வெள்ளம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். முழுவதுமாக விற்றுவிட்டு வேறிடத்தில் வாங்குவதைவிடவும் இது மேல். மறுவிற்பனை வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போய்விடும், தரகு வேறு.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் புழங்கிய வீடு. மேலே சொன்ன மூன்று கணக்குகளையும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இன்ஜினீயர் வரும்போது அவரும் உடன் இருக்கட்டும். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை வந்து, அவரும் தனி வீடுதான் வேண்டும் என்றால், 6 லட்சத்துப் பழுதுபார்ப்போடு நிறுத்திக்கொண்டு சில ஆண்டுகள் இருக்கலாம். மனை எங்கும் போய்விடாது. 30 லட்சம் திட்டம் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

கூட்டுத் திட்டத்துக்குப் போவதென்றால் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். 500 சதுர மீட்டருக்குள் உள்ள மனைகளும் எட்டு வீடுகளுக்குள் உள்ள திட்டங்களும் ரெரா (வீடு வாங்குவோரைக் காக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்குள் வருவதில்லை. உங்கள் மனை சுமார் 223 சதுர மீட்டர், வீடுகள் ஆறு. அதாவது, தாமதமானால் உங்களைக் காப்பது ஒப்பந்தப் பத்திரம்தான். அதைப் பதிவு செய்யுங்கள். வரைவைப் பில்டரின் வழக்கறிஞர் எழுதினாலும் உங்கள் வழக்கறிஞர் வரிக்கு வரி படிக்கட்டும். உங்கள் சார்பில் செயல்பட பில்டருக்கு எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரத்தில் மனையை அடமானம் வைக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. பில்டருடைய மூன்று வீடுகளுக்கு உரிய, மனையின் பிரிபடாத பங்கை வேலை முடிய முடியத்தான் எழுதிக்கொடுக்கவேண்டும். கடைசி வீட்டின் பங்கு, உங்கள் மூன்று வீடுகளின் சாவி கைக்கு வந்த பிறகு. கட்டி முடிக்கும் வரை உங்கள் வாடகையை யார் தருவது, காலக்கெடு தாண்டினால் மாதம் எவ்வளவு, உங்கள் பங்கு வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். தாய்ப்பத்திரத்தின் அசல் உங்களிடமே இருக்கட்டும். மின் மீட்டர் பலகையை 2023-ல் தண்ணீர் நின்ற அளவுக்கு மேலே வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டில்ட் கட்டிவிட்டு மீட்டரைத் தரையோடு வைக்கும் கட்டடங்கள் நிறைய இருக்கின்றன.

மண்ணில் பாதியைக் கொடுப்பதும் வரிக் கணக்கில் விற்பனைதான். 2001-க்கு முன் வாங்கிய மனை என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த அடக்க விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டால் ஆதாயத்தில் 20 சதவீதம் வரி, உயர்த்தாமல் கணக்கிட்டால் 12.5 சதவீதம்; இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். பதிலாகக் கிடைக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆதாயம் இரண்டு கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடுகள் வரை அந்த விலக்கைப் பெறலாம். உங்களுக்கு வருவது மூன்று. ஆகவே கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்து, வீடுகளின் எண்ணிக்கையையும் அளவையும் மாற்றிக் கேட்கலாமா என்று பேசிவிடுங்கள்.

ஓய்வுப் பணம் பற்றி ஒரு குறிப்பு. 60 வயதுக்கு முன் ஓய்வு பெறுபவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மூத்த குடிமக்கள் திட்டத்தில் கணக்குத் தொடங்கவேண்டும். அதைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்கவேண்டும். பில்டரோடு பேச்சு இழுத்துக்கொண்டே போனாலும் அந்தத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.