ஓடியில் ஓடும் கார்

கேள்வி: வணக்கம் சார். வயது 48. கோவையில் தம்பியோடு சேர்ந்து பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை நடத்துகிறேன். மாதம் 2.75 லட்சம் வீட்டுக்கு எடுக்கிறேன். இரண்டு வருடம் முன் பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ ஒன்றை செகண்ட்ஸில் 58 லட்சத்துக்கு வாங்கினேன். அதில் 38 லட்சம் கடன், இஎம்ஐ 82,000. பதினெட்டு வயதில் பஸ் ஏறிப் போய் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் வேலி ஓரம் நின்று ரேஸ் பார்த்தவன் நான், அந்த ஆசை. எக்ஸாஸ்ட் 2.8 லட்சம், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி பவர் கூட்டுவது) 90,000, ஃபோர்ஜ்டு வீல் 4.5 லட்சம், டயர் 1.6 லட்சம், காயிலோவர் சஸ்பென்ஷன் 2.5 லட்சம் என்று இதுவரை 12.3 லட்சம் செலவாகிவிட்டது. எல்லாம் கம்பெனியின் ஓடியிலிருந்து (பேங்க் ஓவர்டிராஃப்ட், லிமிட் 40 லட்சம், வட்டி 11%, அம்மா பெயரில் உள்ள வீடு அடமானம்). அடுத்து டவுன்பைப் (டர்போவை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்), ஸ்டேஜ் 2 (அடுத்த கட்ட ரீமேப்), பெரிய பிரேக் செட்டுக்கு 9 லட்சம் வேண்டும். 22 லட்சம் மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது, மகளின் காலேஜுக்காகச் சேர்த்தது, இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அதை விற்காமல் அதன் மேல் 10.5 சதவீதத்தில் கடன் வாங்கலாம் என்கிறார் பேங்க் ரிலேஷன்ஷிப் மேனேஜர். இல்லாவிட்டால் வீட்டுக் கடனில் டாப்-அப், அதாவது அதன் மேல் கூடுதல் கடன், 8.75 சதவீதத்துக்குக் கிடைக்கும். எது நல்லது? சமீபமாக ஓடி லிமிட்டைத் தொட்டே நிற்கிறது, போன மாதம் ஆட்களுக்குச் சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனது. வார்ப்பு செய்து தரும் ஃபவுண்டரிக்கு ஏழு நாளில் பணம் கொடுத்து 2% கழிவு வாங்குவோம், இப்போது முப்பது நாள் ஆகிறது. தூக்கம் வரவில்லை.

பதில்: டேர்ம் இன்சூரன்ஸ், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறை நடத்துகிறவர், கணக்கு தெரிந்தவர். அதனால்தான் கடைசி மூன்று வரியை எழுதிவிட்டு அதற்கு மேல் 'எந்தக் கடன் நல்லது' என்று கேட்டிருப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. தூக்கம் கெடுவது கடன் எங்கே வாங்குவது என்ற குழப்பத்தால் இல்லை, பட்டறைப் பணத்தை எடுத்து காரில் போடும் பழக்கத்தால்.

கார் வாங்கியது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 340 எச்பி, கூரையைத் திறந்துகொண்டு விடியற்காலையில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுவது, இதற்காக ஒருவர் முப்பது வருடம் காத்திருந்தார் என்றால் எனக்குப் புரிகிறது. 82,000 இஎம்ஐ கனமானதுதான், ஆனால் அது உங்கள் சொந்த வருமானத்திலிருந்து போகிறது, எப்போது முடியும் என்பதும் தெரியும். 12.3 லட்சம் அப்படி இல்லை. ஓடியில் எடுத்த பணத்துக்கு இஎம்ஐ கிடையாது, முடிவுத் தேதி கிடையாது, யாரும் போன் செய்து கேட்கமாட்டார்கள். கேட்காத கடனைத்தான் நாம் கடனாகவே நினைப்பதில்லை.

உங்கள் கடிதத்திலிருந்தே கணக்குப் போடுவோம். 12.3 லட்சத்துக்கு 11% வட்டி, வருடம் சுமார் 1.35 லட்சம். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது ஃபவுண்டரி கழிவு. மாதம் எவ்வளவு காஸ்டிங் வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை, பத்து லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழு நாளில் கொடுத்துக்கொண்டிருந்ததை முப்பது நாளில் கொடுத்தால் 2% போச்சு, மாதம் 20,000, வருடம் 2.4 லட்சம். இரண்டும் சேர்ந்தால் 3.75 லட்சம். அதாவது கார் ஷெட்டில் மூடி நின்றாலும் மாதம் 31,000 ரூபாய் கரைகிறது. பழையபடி ஏழு நாளில் கொடுக்க உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் ஏழே முக்கால் லட்சம்தான். அந்தப் பணம் எங்கே போனது? வீலும் டயரும் காயிலோவருமாகக் காரில் மாட்டியிருக்கிறது. இருபத்து மூன்று நாள் தாமதத்துக்கு 2% இழப்பதை வருட வட்டியாக மாற்றிப் பாருங்கள், 30 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்காரரைத் திட்டுகிறோம்.

அப்புறம் அந்த ஓடி வட்டியை கம்பெனிச் செலவில் எழுதியிருந்தால் அதுவும் நிற்காது, தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டிக்குத்தான் வருமான வரியில் கழிவு உண்டு. லிமிட்டுக்கு மேலே தொடர்ந்து 90 நாள் நின்றால் பேங்க் கணக்கை வாராக்கடன் என்று குறித்துவிடும். அடமானத்தில் இருப்பது அம்மாவின் வீடு. பட்டறையில் பாதி தம்பியுடையது. தம்பி உங்கள் கடிதத்தில் முதல் வரியில் வந்ததோடு சரி, மறுபடி வரவே இல்லை. அவருக்குத் தெரியுமா? எக்ஸாஸ்ட் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது, மெஷின் மெயின்டனன்ஸா? ஆடிட்டரிடம் சொல்லி முழுத் தொகையையும் உங்கள் கேபிடல் அக்கவுண்டில் டிராயிங்ஸ் ஆக, அதாவது நீங்கள் சொந்தச் செலவுக்கு எடுத்த பணமாக, மாற்றுங்கள். மாற்றும் முன் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பேலன்ஸ் ஷீட்டில் பார்த்து அவர் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

இப்போது அந்த இரண்டு கடன்கள். ஃபண்ட் 13% வளரும், கடன் 10.5%, வித்தியாசம் உங்களுக்கு லாபம் என்று மேனேஜர் சொல்லியிருப்பார், இப்போது இது எல்லோரும் விற்கிற சரக்கு. கடன் வாங்காவிட்டாலும் ஃபண்ட் வளரும் சார், அந்த வளர்ச்சி கடனால் வருவதல்ல. 9 லட்சத்துக்கு வருடம் 94,500 வட்டி, அது மட்டும்தான் புதிதாக வருவது. ஈக்விட்டி ஃபண்டுக்குப் பொதுவாகப் பாதி மதிப்புவரைதான் கடன் தருவார்கள். மார்க்கெட் 25% இறங்கினால் 22 லட்சம் 16.5 லட்சமாகும், பாதி 8.25 லட்சம். முக்கால் லட்சத்தை உடனே கட்டு, இல்லாவிட்டால் யூனிட்டை விற்போம் என்பார்கள். அப்படி இறங்கும் காலத்தில் உங்கள் பம்ப் ஆர்டர் மட்டும் ஏறிக்கொண்டிருக்குமா? அதுவும் மகள் காலேஜில் சேரும் வருடத்தில்.

டாப்-அப் இன்னும் வேடிக்கை. 8.75%, பதினைந்து வருடம், மாதம் 9,000. கேட்க இதமாக இருக்கிறது. மொத்தம் கட்டுவது 16.2 லட்சம். உங்களுக்கு 63 வயது ஆகும்வரை பிரேக்குக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்த கார் அன்று உங்களிடம் இருக்குமா என்றே தெரியாது.

ஆகவே 9 லட்சம் வேண்டாம், இரண்டு கடனும் வேண்டாம்.

இன்னொன்று, கடிதத்தில் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் உங்களுக்கு ஒரு டேங்க் பெட்ரோல் காசு, அதை விடுங்கள். ரீமேப் செய்ததைச் சொல்லாமல் பாலிசி புதுப்பித்து, பெரிய விபத்து ஒன்று நடந்து, இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுத்தால், கார் கடன் முழுக்க உங்கள் தலையில் நிற்கும். வண்டி போயிருக்கும், இஎம்ஐ இருக்கும். இந்த வாரமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பதில் வாங்குங்கள், அவர்கள் ஏற்காததைக் கழற்றுங்கள். டவுன்பைப் மாற்றும்போது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது பற்றி நான் பேசவே போவதில்லை.

இந்த மாடல் இனி அபூர்வமாகிவிடும், விலை ஏறும் என்று கார் நண்பர்கள் சொல்வார்கள். ஏறினாலும் அந்த விலை கை வைக்காத வண்டிக்குத்தான். வாங்க வருகிறவர் 'ரீமேப் பண்ணியிருக்கா' என்று முதலில் கேட்பது கூடுதலாகக் கொடுப்பதற்கா, குறைப்பதற்கா?

செய்ய வேண்டியது இதுதான். ஃபோர்ஜ்டு வீலையும் காயிலோவரையும் கழற்றி விற்றால் போட்ட 7 லட்சத்தில் பாதி, 3.5 லட்சம் வரலாம், அது அப்படியே ஓடிக்கு. மீதி 8.8 லட்சத்துக்கு உங்கள் 2.75 லட்சத்திலிருந்து மாதம் 50,000, ஒரே தேதியில், ஆட்டோ டெபிட் போட்டு ஓடிக்கு அனுப்புங்கள், பதினெட்டு மாதத்தில் அசல் முடியும். காருக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, மாதம் 15,000, ஆண்டு சர்வீஸ், டயர், ஆசை எல்லாம் அதற்குள். அதில் பணம் சேராமல் ஒரு நட்டுகூட மாற்றக் கூடாது. வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் வீட்டு வாசல் மாதிரி பக்கத்தில் இருக்கிறது, பதினெட்டு வயதில் அதற்காகத்தானே நானூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனீர்கள். டிராக்கில் ஓட்ட 340 எச்பியே தாராளம்.

பழைய வீலும் சஸ்பென்ஷனும் வேலை செய்த கடையிலேயே கிடக்கின்றன என்றால், அவர்கள் வேறு யாருக்காவது கொடுப்பதற்குள் போய் எடுத்து வாருங்கள். ஸ்டேஜ் 2-க்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.