கலப்பையை இறக்கும் முன் குழி வெட்டுங்கள்: அடிமண் பற்றிய கேள்வி-பதில்

உளிக்கலப்பை (அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் கலப்பை) ஓட்டியதும் ஒரு போகம் நன்றாக வந்தது, அடுத்த வருடமே மண் பழையபடி இறுகிவிட்டது. ஏன்?

கலப்பை மண்ணை உடைக்கும், அவ்வளவுதான். உடைத்த விரிசல் மூடாமல் இருக்க அதற்குள் வேர் இறங்கியிருக்க வேண்டும். ஓட்டிய கையோடு துவரை, ஆமணக்கு, முள்ளங்கி மாதிரி ஆணிவேர்ப் பயிர் ஏதாவது விதைத்துவிடுங்கள். அறுவடைக்குப் பின் அந்த வேர் மட்கி ஒரு துளையை விட்டுப்போகும், அடுத்த பயிரின் வேரும் தண்ணீரும் காற்றும் அதே வழியில் இறங்கும், மண்புழுவும் அதைத்தான் தேடி வரும். இதைச் செய்யாமல் நிலத்தைச் சும்மா போட்டு, அதன் மேலேயே டிராக்டரையும் நாலு முறை ஓட்டினால் மண் திரும்ப அமுங்கத்தான் செய்யும்.

இன்னொன்று, ஓட்டும்போது அடியில் ஈரம் இருந்ததா? மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 40 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய திரியாக நீண்டால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம். ஈரமண்ணில் உளி போனால் மண் நொறுங்காமல் வெட்டுப்படும், வெட்டிய பக்கம் மெழுகியதுபோல் வழவழவென்று அடைத்துக்கொள்ளும், அது இருந்ததைவிட மோசம்.

எவ்வளவு ஆழம் ஓட்ட வேண்டும்?

முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, பக்கவாட்டில் கத்தியால் குத்திக்கொண்டே கீழே போங்கள். பல வருடம் ஒரே ஆழத்தில் உழுத நிலத்தில் இறுகிய தட்டு பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ.க்குள் கிடக்கும், வேர்கள் அங்கே முட்டி மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருப்பதும் தெரியும். தட்டு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே உளிமுனை போனால் போதும். தட்டே இல்லையென்றால் டீசலை வீணாக்காதீர்கள்.

ஜிப்சம் போட்டால் அடிமண் பொலபொலப்பாகுமா?

சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருந்தால் ஆகும். எல்லா இறுகிய மண்ணுக்கும் இதுதான் மருந்து என்று வாங்கிக் கொட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அடிமண்ணில் ஒரு காய்ந்த கட்டியை எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி, கலக்காமல் உள்ளே போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அங்கே ஜிப்சத்துக்குப் பெரிய வேலை இல்லை, குறை பெரும்பாலும் மட்கில்தான். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியத்தைச் சந்தேகித்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள், அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் களித்துகளிலிருந்து சோடியத்தைக் கழற்றிவிடும், சரி, கழன்ற சோடியம் தண்ணீரோடு வெளியே போக வேண்டாமா? அதனால் வடிகால் முதலில், ஜிப்சம் அப்புறம். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு களரிலும் தாங்கி வளரும், கூடவே விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள்.

தொழுவுரத்தை ஆழமாகப் புதைக்கலாமா?

வேண்டாம். காற்றில்லாத களிமண்ணுக்குள் அது மட்காமல் அழுகும். மேல்மண்ணிலேயே போடுங்கள், மண்புழு கீழே கொண்டுபோகும்.

அகல டயர் மாட்டினால் மண் அமுங்காதா?

மேல்மண் ஓரளவு தப்பும். ஆனால் ஆழத்தில் அமுங்குவது அச்சில் ஏறும் மொத்தப் பாரத்தால். அதனால் பாரவண்டியை வயல் நடுவே விடாமல் வரப்போரமாக நிறுத்தி ஏற்றுங்கள். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் எப்போதும் ஒரே தடத்தில் போங்கள், அந்தத் தடம் மட்டும் கெட்டால் போகட்டும்.