ஒரே முறுக்கு, ஏறிக்கொண்டே போகும் வாட்

கேள்வி: என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்தால் வேகம் சீராக ஏறுகிறது. ஆனால் டிஸ்ப்ளேயில் வாட் அளவு நிற்காமல் கூடுகிறது. முதல் 30 கி.மீ. வேகத்தை எட்டுவதைவிட அடுத்த 30-க்கு வண்டி அதிக சார்ஜ் குடிப்பதுபோல் இருக்கிறது. மோட்டாரில் கோளாறா?

பதில்: மோட்டாரைப் பிரித்துவிடாதீர்கள். வேகம் சீராக ஏறுகிறது என்றால், வண்டியை முன்னே தள்ளும் விசை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அப்போது வாட் ஏறத்தான் செய்யும்.

வழியில் நின்றுபோன காரைத் தள்ளியிருக்கிறீர்களா? அது உருள ஆரம்பித்த பிறகும் அதே பலத்தோடு தள்ள வேண்டுமானால் பின்னாலேயே ஓட வேண்டும். கையின் அழுத்தம் அதேதான். மூச்சுதான் வாங்கும். உங்கள் மோட்டாரின் நிலையும் அதுவே.

வண்டியும் நீங்களும் சேர்ந்து 180 கிலோ, விசை 250 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை இப்போதைக்கு மறந்துவிடலாம். முதல் 6 வினாடியில் வேகம் 30-ஐத் தொடும். அதற்குள் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். அடுத்த 6 வினாடியில் 60. ஆனால் இந்த முறை கடந்த தூரம் 75 மீட்டர். நேரம் அதே, விசை அதே, தூரம் மட்டும் மூன்று மடங்கு. செய்த வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது. அதனால் முதலில் 6,250 ஜூல், பிறகு 18,750 ஜூல்.

இவ்வளவும் பேட்டரியில் வேதி ஆற்றலாக இருந்ததுதான். அங்கே குறைவது வண்டியின் இயக்க ஆற்றலாகச் சேர்கிறது. ஒரு பங்கு மோட்டாரையும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் சூடாக்கி வெப்பமாகிப் போகிறது. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த வர்க்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த 25-ம் 75-ம்தான் விடை. (பாடப் புத்தகம் சூத்திரத்தை முதலில் போட்டு, தூரத்தைப் பிறகு சொல்வது எனக்கு என்றும் பிடித்ததில்லை.)

வாட் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை ஜூல் என்ற கணக்கு. விசையை அந்த நேரத்து வேகத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும்: 30-ல் சுமார் 2,080, 60-ல் சுமார் 4,170. வெப்பமாகப் போவதையும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும் என்பதால், பேட்டரியிலிருந்து இழுப்பது இதைவிடக் கூடவே இருக்கும். கன்ட்ரோலர் அனுமதிக்கும் உச்ச வாட்டைத் தொட்டபின் விசை குறையத் தொடங்கும். மேல் வேகத்தில் பிக்கப் தளர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சார்ஜ் கவலைக்கு வருவோம். 60-ஐ எட்டத் தேவையான 25,000 ஜூல் வெறும் 7 வாட்-மணி (ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல்). 3,000 வாட்-மணி பேட்டரியில் அது கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் பிடித்து அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தொலைக்கிறோம். ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிக்கும் வசதி) இருந்தால் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். காற்றுத் தடையோ 30-ல் இருப்பதைவிட 60-ல் நான்கு மடங்கு.

கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, காற்றில்லாத நேரத்தில் சமமான சாலையில் 40-ல் சீராக ஓட்டி வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் மாறாததால் இயக்க ஆற்றலும் மாறாது. அப்போது காட்டுவது முழுக்கத் தடைகளுக்கும் வெப்பத்துக்கும் கொடுக்கும் விலை. சில வாரம் கழித்து அதே இடத்தில் அந்த எண் கூடியிருந்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள், பிறகு பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.